விற்பனையாளர் 31

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கடைசி நோயாளி, மரத்துப்போன கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போய்விடுவார். டாக்டரம்மா கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணாடிக் கதவில் தொங்கும் அட்டையைத் திருப்பிவைப்பார். அதற்கப்புறம் அந்தப் பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறை வேறொரு வேலைக்குத் தயாராகும். சுவரோரம் இருக்கும் நாற்காலிகளில் நான்கு நடுவே வரும். மீன்தொட்டிக்குப் பக்கத்து மேஜையிலிருந்து பழைய பத்திரிகைகளும் பிளாஸ்டிக் பல்வரிசையும் ஓரங்கட்டப்படும். நான்கு பேர் உட்காருவார்கள்.

ஒன்பது வருடமாக இதுதான் வழக்கம். மாதாமாதம் ஒரு தொகையைப் பொதுவில் போட்டு, கூடிப் பேசி, கம்பெனிப் பங்குகள் வாங்குகிற சின்னக் குழு. டாக்டரம்மா ஒருவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மேனேஜர் ஒருவர். வேலைதான் போனதே தவிர, சட்டைப்பையில் இரண்டு பேனா செருகும் பழக்கம் போகவில்லை. கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி லிஃப்டுகளைப் பழுதுபார்க்கும் லிஃப்ட்காரர் மூன்றாமவர். நாலாவது ஆள், இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தம்மா. இது அவளுடைய கதை.

மருந்தம்மாவுக்குப் படிப்பது ஒரு வியாதி என்று லிஃப்ட்காரர் கேலி செய்வார். "மாத்திரை டப்பாக்குள்ள எட்டா மடிச்சு ஒரு பேப்பர் வைப்பாங்களே, உலகத்திலேயே அதப் பிரிச்சுப் படிக்கிற ஒரே ஜீவன் நம்ம அம்மாதான்." கேலியில் பொய்யில்லை. அவள் அந்தக் காகிதங்களைப் படிப்பாள். ஆபத்தான இடங்களில் சிவப்பு மையால் அடிக்கோடு போடுவாள். வாங்க வந்தவரை நிற்கவைத்து விளக்கிவிட்டுத்தான் மருந்தைக் கொடுப்பாள். காலையில் கடையின் ஷட்டரைத் தூக்குமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடி, 'என் கையால யாருக்கும் கெடுதல் வரக் கூடாது சாமி' என்று கேட்டுக்கொள்வாள். அந்த வேண்டுதலை அவள் கணவர் இருந்த காலத்திலும் விட்டதில்லை, போன பிறகும் விட்டதில்லை.

அதனால்தான், எந்தக் கம்பெனியைப் பற்றிய காகிதம் வந்தாலும் முழுவதும் படித்துச் சொல்லும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. இந்தத் தடவை வந்தது இருநூற்று முப்பத்தாறு பக்கம். 'பெரிய கடை' மீதான தீர்ப்பு.

'பெரிய கடை' என்பது இவர்கள் வைத்த பட்டப்பெயர். ஊசியிலிருந்து குளிர்சாதனப் பெட்டி வரை ஃபோனிலேயே வாங்கிக்கொள்ளச் செய்யும் கம்பெனி அது. ஆயிரக்கணக்கான சின்ன வியாபாரிகள் அதன் பக்கங்களில் தங்கள் சரக்கை விற்கிறார்கள். அதே பக்கங்களில் கம்பெனியும் தன் சொந்தச் சரக்கை விற்கிறது. வாசலையும் தானே காத்துக்கொண்டு, உள்ளே போட்டிக்கும் தானே நின்றுகொண்டு, அடுத்தவனை அமுக்குகிறது என்று வழக்கு. கீழ்க்கோர்ட்டு அது உண்மைதான் என்று போன வருடம் சொல்லிவிட்டது. கம்பெனியை இரண்டாகப் பிரிக்கவும் உத்தரவு போட்டது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. வருகிற திங்கட்கிழமை மேல்கோர்ட்டு முடிவு சொல்லப்போகிறது. குழுவின் சேமிப்பில் பாதிக்கு மேல் இந்த ஒரே கம்பெனியில் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அதை வாங்கச் சொன்னவள் மருந்தம்மா.

வைத்திருப்பதா, திங்கட்கிழமைக்கு முன்னால் விற்றுவிடுவதா? அதுதான் இன்றைய பேச்சு.

"நான் சொல்றேன், எழுதி வச்சுக்குங்க," என்று மேனேஜர் ஆரம்பித்தார். "இந்தத் தீர்ப்பு மேல்கோர்ட்டுல நிக்காது. இவ்ளோ பெரிய கம்பெனியப் பிரிக்கிறதுன்னா எந்த மேல்கோர்ட்டுக்கும் கை கொஞ்சம் நடுங்கும். அபராதம் போடுவாங்க, நாலு நிபந்தனை போடுவாங்க. அபராதத்துக்கான பணத்தத்தான் அவன் ரெண்டு வருஷமா ஒதுக்கி வச்சிருக்கானே."

"பிரிச்சுட்டா?" என்றார் டாக்டரம்மா.

"பிரிச்சா இன்னும் நல்லது. ஒண்ணு இருந்த இடத்துல ரெண்டு. ரெண்டும் தனித்தனியா ஓடும். கூட்டிப் பாத்தா இப்ப இருக்கறத விட ஜாஸ்தியாதான் நிக்கும்."

"சார், பிரிச்சாலும் லாபம், பிரிக்காட்டியும் லாபம்னா அப்புறம் அந்த வக்கீலுங்கல்லாம் எதுக்கு இப்படி வேர்த்து வேர்த்துக் கொட்றாங்க?" என்றார் லிஃப்ட்காரர்.

மீன்தொட்டி ஒருமுறை குமிழ் விட்டது. மேனேஜர் சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்றார்.

"எனக்கு ஒரே ஒரு பயம்தான்," லிஃப்ட்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அவனுக்குக் காசு எதுல வருது? சரக்கு விக்கிறதுலயா? இல்ல. மேல ஏத்தி விடறதுல. எவன் காசு கொடுக்கறானோ அவன் சரக்கு முதல் பக்கத்துல வரும். நாளைக்குக் கோர்ட்டு வந்து, எல்லாரையும் சமமா வைடான்னு சொல்லிட்டா? எல்லாரும் ஒரே மாடியில நின்னா லிஃப்டுக்கு என்ன வேலை?"

"பாயிண்ட்," என்றார் டாக்டரம்மா.

"ஆனா ஜனங்க பழக்கம்னு ஒண்ணு இருக்கே," என்றார் மேனேஜர். "புது ஃபோன் வாங்கினா அவன் ஆப் உள்ளேயே உக்காந்திருக்கு. யாரு அத எடுத்துப் போட்டுட்டு வேற தேடப் போறா? நீங்க தேடுவீங்களா டாக்டரம்மா?"

"நான் தேட மாட்டேன். அதுதான் சார் எனக்கு உறுத்துது. என் சோம்பேறித்தனத்துக்கு நானே பங்கு வாங்கி வச்சிருக்கேன்."

இப்படிப் பேச்சு அரைமணி நேரம் போனது. மருந்தம்மாவுக்கு இன்னும் முறை வரவில்லை. இந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு, டாக்டரம்மா கொண்டுவந்தது. ஒரு பங்கை வாங்கச் சொன்னவர் யாரோ, விற்பதா என்ற பேச்சு வரும்போது அவரே விற்கும் பக்கத்துக்காகப் பேச வேண்டும். அரைமனதாக அல்ல, எதிராளி கேட்டுவிட்டு, 'ஆமா, இதுக்கு மேல நானும் சொல்லியிருக்க மாட்டேன்' என்று ஒப்புக்கொள்ளும்வரை. "பல்லப் பிடுங்கணும்னு சொல்ற டாக்டரே, பிடுங்காம இருக்க வழி என்னன்னும் யோசிக்கணும். இல்லைன்னா கைக்குக் கொறடு மட்டும்தான் தெரியும்," என்பது அதற்கு அவர் சொன்ன காரணம்.

மருந்தம்மாவின் மடியில் தீர்ப்பின் அச்சுப்பிரதி இருந்தது. நூற்று நாற்பத்தெட்டாம் பக்கம் மட்டும் தனியாக, நான்காக மடித்து, கைப்பைக்குள் இருந்தது.

அவள் பார்வை வரவேற்பு மேஜைப் பக்கம் போனது. அங்கே ஒரு மரவிளக்கு. மெலிந்த கழுத்து வளைந்து, குனிந்து தண்ணீரில் மீன் பார்க்கிற கொக்கைப் போல. வருகிறவர்கள் பெயரை எழுதிக்கொள்ளும் பெண் நாள் முழுக்க அதன் வெளிச்சத்தில்தான் எழுதுவாள். அதைச் செய்தவன் மருந்தம்மாவின் தம்பி. ஐந்து வருடத்துக்கு முன்னால், "என் தம்பி செய்றான், ஒண்ணு வாங்கிப் போடேன்" என்று அவள்தான் டாக்டரம்மாவைத் தொந்தரவு செய்து வாங்கவைத்தாள்.

அப்போது தம்பியின் கொக்குவிளக்கு பெரிய கடையில் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஒரு பட்டறை, இரண்டு கைவேலைக்காரர்கள். பிறகு திடீரென்று விற்பனை படுத்துவிட்டது. அவன் அக்காவிடம்தான் ஓடிவந்தான். "அக்கா, என் விளக்கத் தேடினா மூணாவது பக்கத்துல வருது. அவங்க விளக்கு ஒண்ணு அச்சா என்னுது மாதிரியே முதல் பக்கத்துல நிக்குது. என்னமோ பண்றாங்க அக்கா."

அவள் என்ன செய்தாள்? அவள் எப்போதும் செய்வதைத்தான் செய்தாள். படித்தாள். அவன் விளக்கைப் பற்றி வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளை ஒன்றுவிடாமல் அச்செடுத்துப் படித்தாள். 'சுவிட்ச் ஒரு மாதத்தில் போய்விட்டது.' 'சுவிட்ச் சூடாகிறது.' 'தொட்டால் ஷாக்.' எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு அவன் கையில் கொடுத்தாள். "கம்பெனியக் குத்தம் சொல்லாதடா. குறை உன் சுவிட்சுல இருக்கு. முதல்ல அத சரி பண்ணு," என்றாள். உதவி செய்வதாகத்தான் நினைத்தாள். கடவுள் சாட்சி.

தம்பி கோபப்படவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "சரி அக்கா" என்றான்.

அதற்குப் பிறகு நான்கு வருடமாக அவன் எல்லாவற்றுக்கும் 'சரி அக்கா'தான். பட்டறை மூடியது. அவன் ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவைக்கு ஏற்றிப்போகும் வேன் ஓட்டப் போனான். ஃபோன் செய்தால் எடுப்பான். "நல்லா இருக்கோம் அக்கா." வீட்டுக்கு வாடா என்றால், "சரி அக்கா." வரமாட்டான். சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். மரியாதையான அந்த ஒற்றை வார்த்தையை எந்தப் பக்கத்திலிருந்து தட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு தடவையாவது அவன் தன்னைத் திட்ட மாட்டானா என்று அவள் ஏங்கினாள்.

கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பின் சில பக்கங்களைக் கம்பெனியின் ரகசியம் என்று மூடிவைத்திருந்தார்கள். மேல்முறையீட்டுக்காக இந்த மாதம்தான் அவை வெளியே வந்தன. புதன்கிழமை மதியம், கடையில் ஆளில்லாத நேரத்தில், அவள் நூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்துக்கு வந்தாள்.

"அக்கா," என்றார் டாக்டரம்மா. "உங்க முறை. விக்கணும்கிற பக்கம்."

மருந்தம்மாவுக்குச் சொல்வதற்கு வேறு நியாயங்கள் எவ்வளவோ இருந்தன. விளம்பர வருமானம் குறையும். புதுச் சட்டங்கள் வரும். வேறு நாட்டுக் கோர்ட்டுகளும் இதே வழியில் போகும். அவற்றை மட்டும் அழகாக அடுக்கியிருந்தாலே மேனேஜர் 'ஆமா' என்று சொல்லியிருப்பார். தீர்ப்பை முழுவதும் படித்தவர் வேறு யாரும் அந்த அறையில் இல்லை. அந்தப் பக்கம் கைப்பைக்குள்ளேயே கிடந்திருக்கும்.

அவள் கைப்பையைத் திறந்தாள்.

"இது கம்பெனிக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிட்ட கடிதம். கோர்ட்டுல சாட்சியமா வச்சிருக்காங்க. வியாபாரி பேரு இல்ல, நம்பர்தான். விற்பனையாளர் 31," என்று சொல்லிவிட்டுப் படித்தாள். "'விற்பனையாளர் 31-இன் பறவைக்கழுத்து மேஜைவிளக்கு நன்றாகப் போகிறது. இதே வடிவத்தில் நம்முடையதைக் கொண்டுவரலாம். தொடக்கத்தில் இரண்டின் வாடிக்கையாளர் கருத்துகளையும் ஒரே பக்கத்தில் சேர்த்துவிட்டால், நம்முடையது புதிது என்று யாருக்கும் தெரியாது.' இது முதல் கடிதம். ஆறு மாசம் கழிச்சு ரெண்டாவது. 'நம் விளக்கின் சுவிட்ச் பற்றிப் புகார்கள் வருகின்றன. தயாரிப்பாளரை மாற்றியாகிவிட்டது. இனி இரண்டு பக்கங்களையும் பிரிக்கலாம். பிரிக்கும்போது நல்ல கருத்துகள் நம்மோடு வரட்டும்.'"

அவள் தாளை மடியில் வைத்தாள்.

"அவங்க விளக்குக்கு வந்த கெட்ட கருத்தெல்லாம் அவன்கிட்ட விட்டுட்டு வந்துட்டாங்க. அந்தக் கெட்டதுக்கெல்லாம் நான் சிவப்பு மையில கோடு போட்டுக் கொடுத்தேன். விற்பனையாளர் 31 என் தம்பி."

மருந்தம்மா தொடர்ந்தாள். "நான் விக்கிற பக்கம் பேசணும், அதனால பேசறேன். இந்தக் கம்பெனி வளந்ததே அடுத்தவன் நல்ல பேர எடுத்துத் தன் பேர்ல ஒட்டிக்கிட்டுத்தான். திங்கக்கிழமை கோர்ட்டு அவங்கள விட்டாலும், இந்தக் கடிதம் போயிடாது. இதப் படிச்ச வியாபாரி யாரும் இனி நம்பிச் சரக்கு வைக்க மாட்டான். அவன் போனா கடைக்குள்ள என்ன இருக்கும்? எனக்கு இதுக்கு மேல சொல்லத் தெரியல. சொன்னா அழுதுடுவேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கப்படி எதிராளி சொல்ல வேண்டியதைச் சொன்னார். "ஆமாம்மா. இதுக்கு மேல நானும் சொல்லியிருக்க மாட்டேன்."

லிஃப்ட்காரர் எழுந்தார். யாரிடமும் கேட்காமல் வரவேற்பு மேஜைக்குப் போய்க் கொக்குவிளக்கின் பிளக்கைப் பிடுங்கி, அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டைப்பையிலிருந்து பேனா எடுப்பதுபோல ஒரு திருப்புளியை எடுத்தார்.

"என்ன அண்ணே பண்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

"இருங்க." அடித்தட்டின் நான்கு திருகாணிகளும் வரிசையாக மேஜைமேல் வந்தன. அவர் உள்ளே எட்டிப்பார்த்தார். ஒயரை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். சுவிட்சை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த விளக்கு எத்தன வருஷமா எரியுது?"

"அஞ்சு. காலைல எட்டரைக்குப் போட்டா சாயங்காலம் வரைக்கும் அணைக்கறதில்ல."

"எப்பவாவது ரிப்பேர்?"

"ஒரு தடவ பல்பு மாத்தினோம்."

லிஃப்ட்காரர் சுவிட்சை மருந்தம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். "பித்தளைத் தகடு. கருகல் இல்ல, தளர்வு இல்ல. நான் லிஃப்டுல போடறது இத விட மட்டம்மா. உங்க தம்பி இத வாங்கிப் போட்டிருக்கான்னா, லாபத்துல பாதி இதுக்கே போயிருக்கும்."

மருந்தம்மா அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த விளக்குக்கு எதிரே உட்கார்ந்துதான் அவள் காகிதம் காகிதமாகப் படித்துச் சொல்லியிருக்கிறாள். அது எரிந்துகொண்டே இருந்தது. அவள் தாளைத்தான் பார்த்தாள்.

லிஃப்ட்காரர் தன் தோல்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். கட்டடக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கும் பரிசோதனைச் சான்றிதழ். கார்பன் வைத்து, நம்பர் போட்டது. 'லிஃப்ட்' என்று அச்சடித்திருந்த இடத்தை அடித்துவிட்டு மேலே 'விளக்கு' என்று எழுதினார். 'தூக்கக்கூடிய எடை' என்ற இடத்தில் சற்று யோசித்து ஒரு கோடு போட்டார். 'சுவிட்ச், ஒயர், இணைப்பு எல்லாம் பார்த்தேன். ஐந்து வருட உபயோகத்துக்குப் பிறகும் பழுது இல்லை. வேலை சுத்தம்.' கையெழுத்து. பையின் அடியிலிருந்து முத்திரையைத் தேடி எடுத்து, வாயால் ஊதி, ஓங்கி ஒரு குத்து.

"இது எதுக்கு அண்ணே?" என்றாள் மருந்தம்மா.

"உங்க தம்பிக்கு. கோர்ட்டுத் தீர்ப்பு கோர்ட்டுக்கு. வேலைக்காரனுக்கு இன்னொரு வேலைக்காரன் சொல்லணும்மா. அதுல இருக்கற ருசி வேற."

அப்புறம் ஓட்டு. தன்னால் நியாயமாகப் போட முடியாது என்று மருந்தம்மா ஒதுங்கிக்கொண்டாள். டாக்டரம்மா, "உள்ள சொத்தைன்னு தெரிஞ்சப்புறம் மேல வெள்ளையா இருக்கேன்னு என்னால விட முடியாது" என்று விற்கச் சொன்னார். மேனேஜர் வைத்திருக்கச் சொன்னார். "நாம வித்தா வேற ஒருத்தர் வாங்கிக்குவாரு டாக்டரம்மா. கம்பெனிக்கு ஒரு கொசுக்கடி கூட இல்ல. ஆத்திரத்துல வித்து, அப்புறம் வருத்தப்படறதுல யாருக்கு என்ன புண்ணியம்?"

எல்லாரும் லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள். அவர் விளக்கின் திருகாணிகளை மாட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வச்சிருக்கலாம்," என்றார் மெதுவாக. "என் பொண்ணு படிப்பு இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. திங்கக்கிழமை விலை ஏறும்னு மேனேஜர் சொல்றத நான் நம்பறேன். தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. ஓட்டு வேற, சுவிட்ச் வேற."

மருந்தம்மாவுக்கு அவர்மேல் கொஞ்சமும் கோபம் வரவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மனிதர்களுக்கு எல்லாப் பக்கமும் நேராக நிற்க முடிவதில்லை. நிற்க முடிகிற ஒரு பக்கத்தில் அடுத்தவனுக்குத் தோள் கொடுத்துவிடுகிறார்கள். அதையும் யாரோ ஒருவர் மேலே இருந்து எழுதிவைத்துக்கொள்கிறார் என்றுதான் அவள் எப்போதும் நம்பினாள்.

கீழே தெருவுக்கு வந்தபோது மேனேஜர் தன் பழைய காரின் கதவைத் திறந்து நின்றிருந்தார். "எங்க போறீங்கன்னு தெரியும். ஏறுங்க."

ஒரு சிக்னலில் நின்றபோது அவர் சொன்னார்: "சிவப்பு மையில கோடு போட்ட பேப்பர்னு சொன்னீங்களே. முப்பத்தோரு வருஷம் நானும் அதத்தான் கொடுத்துட்டு இருந்தேன். 'குறை உங்க கடன் விண்ணப்பத்துல இருக்கு'ன்னு. அதுல எத்தன பேரு உங்க தம்பியோ." பச்சை விழுந்தது. கியரை மாற்றினார்.

தம்பியின் வீடு மூன்றாம் மாடி. படிகளில் எங்கும் சலவைத் தூளின் வாசனை. அவன் சீருடை கைப்பிடிச் சுவரில் காய்ந்தது. கதவைத் திறந்தது அவன் மனைவி.

"அண்ணி! வாங்க, வாங்க. என்ன திடீர்னு? யாருக்காவது உடம்பு..."

"எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா. அவன் இருக்கானா?"

அவன் உள்ளேயிருந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். காதோரம் நரைத்திருந்தது. ஃபோனில் நரை தெரிவதில்லை. "வா அக்கா," என்று சொல்லிவிட்டு நாற்காலியை நகர்த்திப்போட்டான். விருந்தாளிக்குப் போடுவதுபோல.

அவள் உட்காரவில்லை. வழியெல்லாம் கோர்த்துவைத்த வார்த்தைகள் மூன்று மாடி ஏறியதில் எங்கேயோ விழுந்துவிட்டன. நூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்தை நீட்டினாள். "இதப் படி. அந்த முப்பத்தொண்ணு நீதான்."

அவன் நின்றபடியே படித்தான். முதல் கடிதம். இரண்டாவது. திரும்பவும் முதலிலிருந்து. அவன் முகத்தில் அவள் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. தாளை மேஜைமேல் வைத்தான். அவள் லிஃப்ட்காரரின் சான்றிதழை நீட்டினாள். "இது, டாக்டரம்மா ஆஸ்பத்திரில இருக்கற உன் விளக்குக்கு. ஒருத்தர் பிரிச்சுப் பாத்தாரு."

அதை அவன் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தான். 'வேலை சுத்தம்' என்ற இடத்தில் அவன் கட்டைவிரல் நின்றது. நெடுநேரம் அங்கேயே நின்றது.

"நான் பண்ணது தப்புடா," என்றாள். "நீ சொன்னத நான் நம்பல. எவனோ எழுதினத நம்பினேன்."

அவன் 'சரி அக்கா' என்று சொல்லப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் சொல்லவில்லை.

"ஏன் அக்கா," என்றான். குரல் மெதுவாகத்தான் தொடங்கியது. "உன் வீட்டுலயே ஒண்ணு இருந்துச்சு இல்ல? நான் உனக்குக் கொடுத்த முதல் விளக்கு. கட்டில் பக்கத்துலதானே வச்சிருந்த? அவ்ளோ பேப்பர் படிச்ச நீ, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அந்த சுவிட்ச கவனிச்சுப் பாத்திருக்கக் கூடாதா?" இப்போது குரல் அடுக்களைவரை கேட்டது. "நான் உன் தம்பிக்கா! ஊர்ல எவனோ சுவிட்ச் சூடாகுதுன்னா, உன் கை எங்க போச்சு? தொட்டுப் பாக்க மாட்டியா? நீ கோடு போட்டுக் கொடுத்தேன்னு நாப்பது விளக்குக்கு சுவிட்ச் மாத்தினேன். நல்ல சுவிட்ச! வேலைக்காரங்களுக்குக் கூலி கொடுக்க வச்சிருந்த பணத்தத் தூக்கி அதுல போட்டேன். அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மாத்தினேன்!"

"ஏங்க, மெதுவா," என்று அவன் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"பேசட்டும்மா," என்றாள் மருந்தம்மா. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. "பேசட்டும். விடு."

அவன் பேசினான். பட்டறையின் கதவைச் சாத்திய நாளைப் பற்றி, வேலைக்காரர்களில் மூத்தவர் கைகுலுக்காமல் போனதைப் பற்றி, இரண்டு தடவை அக்கா கடை வாசல்வரை வந்து திரும்பிப் போனதைப் பற்றி. பேசி முடித்ததும் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது, வலிக்கட்டும் என்று இருந்தது.

"திங்கக்கிழமை யாரு ஜெயிப்பாங்க?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டான்.

"தெரியலடா. மேனேஜர் சார் கம்பெனிங்கறாரு."

"உன்கிட்ட இன்னும் அந்தப் பங்கு இருக்கா?"

அவள் மறைக்கவில்லை. "இருக்கு. குழுவுல வச்சிருக்கலாம்னு முடிவாச்சு. என் பங்க மட்டும் பிரிச்சு எடுக்கறதுக்கு எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கேன். அதுக்கு மூணு மாசமாகும்."

அவன் துண்டை எடுத்தான். கண் சிவந்திருந்தது. ஆனால் உதட்டோரம் பழைய தம்பி எட்டிப்பார்த்தான். "மூணு மாசத்துல விலை ஏறிச்சுன்னா எனக்குச் சொல்லு. திட்டறதுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

பிறகு எழுந்துபோய்ப் பரணைத் துழாவினான். ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தான். மூடியைத் திறந்ததும் உள்ளே கறுப்புக் கறுப்பாகச் சதுரங்கள். அன்று கழற்றிய சுவிட்சுகள். "எறிய மனசு வரல," என்றான்.

அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் ஒரு சுவிட்சை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தான். அவள் அதைக் கண்ணருகே கொண்டுபோகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினாள். 'டக்' என்று உறுதியாக உட்கார்ந்தது. மறுபடி அழுத்தினாள், எழுந்தது.

"இது நல்லாருக்கு," என்றாள்.

அவன் அதைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு அடுத்ததைக் கொடுத்தான்.